திரைப்பட விழாக் காலத்துக்கு வீடு எடுப்பவர்கள் கவனத்துக்கு

2025 ஜனவரி கடைசியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவுக்காக யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டிக்குப் போன நானும் என் மனைவியும் இரண்டு நண்பர்களும், மூன்று இரவுகளுக்கு 3,200 டாலர் கொடுத்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த வீட்டுக்குள் நாங்கள் ஒரு முறைகூடக் கால் வைக்கவில்லை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது விளங்கும். வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், சுமார் 7,000 அடி உயரத்தில் எழுந்த ஊர் அது. ஒற்றை மெயின் ஸ்ட்ரீட்டும் அதன் இருபுறச் சரிவுகளில் நெருக்கியடித்து நிற்கும் பழைய வீடுகளுமே பழைய ஊர். நிலையாக வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். விழா நாட்களிலோ பல்லாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். 1981-இல் விழா இந்த ஊருக்கு வந்தபோது, பனிச்சறுக்கு ஆசை காட்டி ஹாலிவுட்டை இழுக்கலாம் என்ற கணக்கில்தான் ஜனவரி மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அந்த வாரத்தில் சறுக்குச் சரிவுகள் காற்று வாங்கின. அறை மட்டும் கிடைத்ததில்லை. பெரிய நிறுவனங்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் கடைகளையும் வீடுகளையும் விருந்துகளுக்காக மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிட்டன என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன்.

நாங்கள் அக்டோபரிலேயே பதிவு செய்துவிட்டோம். 1926-இல் கட்டப்பட்ட எகிப்தியன் திரையரங்குக்கு ஐந்து நிமிட நடை, கார் நிறுத்த இலவச இடம், இரண்டு படுக்கையறை என்று விளம்பரத்தில் இருந்தது. முதல் பாதித் தொகையைக் கிரெடிட் கார்டில் செலுத்தினோம். இரண்டாம் பாதிக்கு அந்த வீட்டு மேலாளர், கார்டு என்றால் மூன்று சதவீதம் கூடுதலாகும், வங்கிக் கணக்கிலிருந்து ஸெல் (கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் அமெரிக்கச் சேவை) வழியாக அனுப்பிவிடுங்கள் என்று மிகவும் கனிவாகச் சொன்னார். ஐம்பது டாலர் மிச்சம் என்ற மகிழ்ச்சியில் நானே அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒப்பந்தம் வந்தது. அதன் ஆறாம் பக்கத்தில், தவிர்க்க முடியாத காரணம் ஏற்பட்டால் ஒத்த தரமுள்ள வேறு இடம் ஒதுக்கப்படும் என்று ஒரு வரி இருந்ததை நான் படிக்காமலேயே ஒப்புதல் கொடுத்தேன். இதில் என் தவறும் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன் மின்னஞ்சல் வந்தது: குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது, ஆகவே வேறு வீடு. புதிய முகவரி கிம்பல் ஜங்ஷன் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி, மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஏறத்தாழ ஏழு மைல் தொலைவில் இருந்தது. படுக்கையறை ஒன்றுதான், நண்பர்கள் இருவரும் கூடத்துச் சோபாவில் படுத்தார்கள். ஒத்த தரம் என்பதற்கு மேலாளர் சொன்ன விளக்கம், இரண்டிலும் நான்கு பேர் தங்கலாம் என்பதுதான்.

ஊருக்குள் பேருந்து இலவசம், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விழா நெரிசலிலும் பனிப்பொழிவிலும் ஏழு மைல் தொலைவு எத்தனை நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பாவது வரிசையில் இல்லாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தாலும் நம் இருக்கை காத்திருப்புப் பட்டியலில் நிற்பவருக்குப் போய்விடும். எக்கிள்ஸ் அரங்கின் காலைக் காட்சியை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். நள்ளிரவுக் காட்சி முடிந்து, காது மரத்துப்போகும் குளிரில் நாற்பது நிமிடம் நின்று, வாடகைக் காருக்கு 94 டாலர் கொடுத்துத் திரும்பினோம்.

இரண்டாம் நாள் மாலை, முதலில் பதிவு செய்த முகவரி வழியாக நடந்து போனோம். குழாய் வெடித்ததாகச் சொல்லப்பட்ட அந்த வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. வாசலில் ஒரு நிறுவனத்தின் பதாகை தொங்கியது, உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. என் மனைவி உடனே தேதியும் நேரமும் தெரியும்படி நான்கு படங்கள் எடுத்தார். மேலாளரிடம் அவற்றை அனுப்பியபோது, குழாய் முன்பே சரியாகிவிட்டது, ஆனால் உங்கள் மாற்று ஏற்பாடு உறுதியாகிவிட்டது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

அந்தப் படங்களும் பழைய விளம்பரத்தின் நகலும் இருந்ததால், கார்டில் செலுத்திய 1,600 டாலரை இரண்டு மாதம் கடிதம் எழுதி மீட்டோம். ஸெல் வழியாகப் போனது போனதுதான். உங்கள் கணக்கிலிருந்து நீங்களே மனமுவந்து அனுப்பிய பணம், மோசடியாகக் கருத இயலாது என்று வங்கி கையை விரித்துவிட்டது.

ஆகவே முழுத் தொகையையும் கார்டிலேயே கட்டுங்கள். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு மட்டும் கட்டுங்கள். மாற்று இடம் பற்றிய வரி இருந்தால், அதை நீக்கச் சொல்லுங்கள், அல்லது நடந்து போகும் தொலைவையும் படுக்கையறை எண்ணிக்கையையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வீடு வேண்டாம். விளம்பரம் எந்த நேரமும் மாற்றப்படலாம் என்பதால், பதிவு செய்த அன்றே அதை நகலெடுத்து வையுங்கள். நாங்கள் மறுபடி போயிருந்தால் சால்ட் லேக் சிட்டியில்தான் தங்கியிருப்போம்: முக்கால் மணி நேரப் பயணம்தான், அங்கேயும் விழாத் திரையிடல்கள் நடந்தன.

விழா 2027 முதல் கொலராடோவின் போல்டர் நகருக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வீடு தேடுபவர்கள் முப்பது மைல் தள்ளியிருக்கும் டென்வரையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போல்டரிலேயே எடுப்பதானால், ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.