பத்து ரூபாய்தான் சார்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் படித்தால்கூடப் போதும். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பழைய பில்லிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அச்சடித்த எண் இருக்கும், அதற்கு அடியுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஃபாரம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு ஃபைல் அனுப்பி, அதன் பெயர் ஏபிகே (.apk, போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) என்று முடிந்தால் தொடவே தொடாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். இவ்வளவையும் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு 87,400 ரூபாய்.

நான் தபால் துறையில் 36 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் சேமிப்புக் கணக்கு கவுன்டரில். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் பணம் எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவனா ஏமாந்தான் என்று என் மகளே கேட்டாள். அதனால்தான் எப்படி ஏமாந்தேன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு 2014ல் திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இதய வால்வு மாற்றினார்கள். செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் ரத்தம் கசியும். அதனால் மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் என்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஒரு பரிசோதனை. அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கும்பகோணத்திலேயே லேபில் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு போன் செய்வோம். சிஸ்டர் டாக்டரிடம் கேட்டு, "இந்த வாரம் ஒன்றரை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒண்ணு போடச் சொல்லுங்க சார்" என்று சொல்வார். காலண்டரில் குறித்துக்கொள்வேன். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

பிறகு மருத்துவமனை ஆப் கொண்டுவந்தது. பழைய எண்ணுக்கு அடித்தால் இப்போது மனிதக் குரல் கிடையாது. எங்கள் செயலியைப் பதிவிறக்கம் செய்யுங்கள் என்று மூன்று மொழியில் சொல்லிவிட்டு அதுவே வைத்துவிடும்.

சம்பவம் நடந்தது ஒரு மாதக் கடைசி நாள். பென்ஷன் ஏறியிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது அவளுக்கு ஈறில் ரத்தம். லேபில் பார்த்தால் ஐஎன்ஆர் 5.1. ஆப்பைத் திறந்தேன். ஓடிபி கேட்டது. அது போனது 2014ல் அட்மிஷன் போடும்போது நாங்கள் கொடுத்த எண்ணுக்கு. அந்த சிம்மை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. எண்ணை மாற்ற வேண்டுமானால் ஆதார் நகலோடு நேரில் வரவும் என்றது ஆப். நேரில் வர முடியாதவனுக்குத்தானே ஆப்? சரி, புது நோயாளியாகப் பதிந்து பார்க்கலாம் என்றால், எங்கள் டாக்டருக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் இடம். உதவி என்று ஒரு மூலையில் சாட் பெட்டி இருந்தது. "ஐஎன்ஆர் 5.1, ஈறில் ரத்தம் வருகிறது, மாத்திரையை நிறுத்தவா?" என்று டைப் செய்தேன். முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி இருப்பதாகப் பதில் வந்தது.

அப்போதுதான் கூகுளில் மருத்துவமனைப் பெயரைப் போட்டு அப்பாயின்ட்மென்ட் நம்பர் என்று தேடினேன். மேலேயே ஒரு எண் வந்தது. பக்கத்தில் மருத்துவமனையின் படம், நட்சத்திரம் எல்லாம் இருந்தது. அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

பையனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல தமிழ். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா இப்போ எப்படி சார் இருக்காங்க?" அன்று காலையிலிருந்து அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் விழுந்தது அந்த இடத்தில். பத்து ரூபாய், ஃபைல், பின் நம்பர் எல்லாம் அதற்கு அப்புறம்.

டாக்டர் ஆறு மணிக்கு வீடியோவில் வருவார் என்றான். பதிவுக்கு மட்டும் பத்து ரூபாய்தான் சார், கன்சல்டிங் ஃபீஸ் அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். வாட்ஸ்அப்பில் மருத்துவமனைப் பெயரிலேயே ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் என் போன், இது தீங்கு விளைவிக்கலாம் என்று தமிழிலேயே எச்சரித்தது. அதை அவனிடம் வாசித்தும் காட்டினேன்! "அது எல்லாருக்கும் வரும் சார், புது வெர்ஷன், இன்னும் ப்ளே ஸ்டோர்ல ஏறல" என்றான். எஸ்எம்எஸ்களையெல்லாம் தானே கையாள அனுமதி கேட்டது, கொடுத்தேன். நோயாளி பெயர், வயது, மருத்துவமனை அட்டை எண், வங்கி, ஏடிஎம் கார்டு எண், கடைசியில் யுபிஐ பின். எல்லாம் அந்த ஒரே பக்கத்தில். யுபிஐ பின்னை நாம் பணம் அனுப்பும் ஆப்பில் வரும் பின் பக்கத்தைத் தவிர வேறு எந்த ஃபாரத்திலும் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து ரூபாய் போகவில்லை, 'தோல்வி' என்று வந்தது. "பரவால்ல சார், நாங்க இங்க பார்த்துக்கறோம், போனை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றான்.

ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. ஆறரைக்கு அடித்தேன், பிஸி. ஏழு மணிக்கும் பிஸி. ஏழரை வரைக்கும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, விளக்கையெல்லாம் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு டாக்டருக்காக அவள் காத்திருந்தாள். பணம் போனதைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த நேரத்தில் மூளையில் கசிந்திருந்தால்?

எட்டு மணிக்கு எங்கள் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். காய்ச்சல் சளிக்கு மட்டும்தான் அவரிடம் போவோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இன்று ராத்திரி மாத்திரை வேண்டாம், தலைவலியோ வாந்தியோ வந்தால் உடனே 108, இல்லையென்றால் விடிந்ததும் திருச்சிக்குக் கிளம்புங்கள் என்றார். நூறு ரூபாய் வாங்கினார்.

மறுநாள் திருச்சியில் டாக்டரைப் பார்த்தோம். அவள் தப்பித்தாள். மாத்திரை அளவு குறைந்தது, மூன்று நாளில் மறு பரிசோதனை. கவுன்டரில் பணம் கட்டப் போனேன். ஸ்கேன் செய்தால் போதிய இருப்பு இல்லை என்றது. மறுபடி செய்தேன், அதேதான். கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "ஆப்ல கட்டினா டிஸ்கவுன்ட் இருக்கு சார்" என்றாள்.

முதல் நாள் ராத்திரி 11.52க்கு 49,900. 12.07க்கு 37,500. நள்ளிரவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தேதி மாறினால் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பு புதிதாகத் தொடங்கும் என்று பிறகு சொன்னார்கள். பென்ஷனோடு, மொட்டை மாடி ஒழுகலைப் பூசுவதற்காக எடுத்து வைத்திருந்த பணமும் போயிற்று. வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வந்த கையோடு அந்த ஃபைல் அவற்றை அவனுக்கு அனுப்பிவிட்டு என் போனில் அழித்திருக்கிறது.

மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டே 1930க்கு அடித்தேன். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. பணம் போன கணக்கு எண், தொகை, நேரம் கேட்டார்கள். அங்கிருந்து வேறு கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பியிருந்ததில் ஒரு கணக்கில் மிச்சம் நின்ற 22,000 முடங்கியது. ராத்திரியே அடித்திருந்தால் இன்னும் நிறைய நின்றிருக்கும் என்றார் அந்தப் பெண் காவலர். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். அந்த 22,000 இன்னும் கைக்கு வரவில்லை, நடைமுறை இருக்கிறதாம்.

பெங்களூரிலிருந்து மகள் வந்ததும் முதலில் போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள். அந்த ஃபைல், வாட்ஸ்அப் உரையாடல், எண் எல்லாவற்றையும் வேறு போனில் படம் பிடித்தாள், போலீஸ் கேட்பார்கள் என்று. அதற்கப்புறம்தான் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். சிம்மைத் திரும்பப் போட்டதும் ##002# அடிக்கச் சொன்னாள். நம் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் அது ரத்தாகும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டேன். பழைய பழக்கம்.

வங்கி மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். அதன்படி, நம் தவறு இல்லாமல் மூன்றாம் ஆளால் போன பணமாக இருந்து, மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் பின்னை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கும் போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கி பொறுப்பு. விதி அப்படி இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

மருத்துவமனை மேல்தான் கோபம் ஆறவில்லை. 2020 மார்ச் 25 தேதியிட்ட மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதலைத் தேடிப் படித்தேன். வீடியோ மட்டுமில்லை, சாதாரண போன் பேச்சும் அதில் செல்லும். நேரில் பார்த்த நோயாளியை அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் தொலைவிலிருந்து பார்த்தால் அது தொடர் சிகிச்சை. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். சிஸ்டர் வழியாகப் போனில் கேட்பதை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். டாக்டரே நேராக இரண்டு நிமிடம் போனில் பேச என்ன தடை? ஆப் வழியாக மட்டும்தான் என்று அந்த வழிகாட்டுதலில் எங்கும் இல்லை.

ஓய்வூதியர் சங்கத்தில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருவருடைய ஆப் அமெரிக்காவில் இருக்கும் மகன் எண்ணில் இருக்கிறது. மகன் எழுந்து ஓடிபி சொன்னால்தான் அவருக்கு டாக்டர். இன்னொருவருக்கு வேறொரு ஆப்பில் நாலு நிமிடம் பார்த்த டாக்டர் கொடுத்த சீட்டில் பதிவு எண்ணே இல்லை, ஆனால் 2,300 ரூபாய்க்குச் சத்து மாத்திரை மட்டும் கூடையில் தானாக ஏறியிருந்தது. இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவையில் ஒரு நண்பர் இலவசமாகவே பேசியிருக்கிறார், அது பரவாயில்லை என்கிறார். ஆனால் அதில் நம் டாக்டர்தான் வருவார் என்று சொல்ல முடியாது. அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கு அடித்தால் ஒரு மனிதர் எடுப்பார் என்றும் அங்கேதான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நடந்ததை எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். உங்கள் பெயரில் ஒரு போலி எண் உலவுகிறது, வாசலிலாவது எழுதிப் போடுங்கள், வயதானவர்களுக்கென்று ஒரு போனை ஆள் எடுக்கும்படி வையுங்கள் என்று கேட்டிருந்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது, குறுஞ்செய்தியாக. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், கீழே உள்ள இணைப்பை அழுத்தி எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று.

அது மருத்துவமனை அனுப்பியதா அந்தப் பையன் அனுப்பியதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அழுத்தவில்லை.