அப்போஸ்டில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரிஜினலைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அப்போஸ்டில், அதாவது நம் சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று, வாங்கித் தருகிறேன் என்ற ஓர் ஏஜென்சியிடம் 46,000 ரூபாய் போய்விட்டது. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம், என் பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ் இரண்டின் பின்பக்கமும் போலி அரசு முத்திரையைக் குத்திக் கொடுத்திருக்கிறார்கள், அதை எப்படி அழிப்பது? நேற்று மஸ்கட்டிலிருந்து மெயில் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் நாலு பேர் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரே மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு முழுக்க என் பொறுப்பு. மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை கிடைத்தது, கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட்டில் சேர வேண்டும். ஏப்ரல் கடைசியில் இங்கே ரிலீவிங் ஆர்டர் வாங்கினேன். என் இடத்துக்கு வேறு டீச்சரும் வந்தாகிவிட்டது. விசா வேலை தொடங்க அவர்கள் கேட்டது சான்றிதழ்களில் அப்போஸ்டில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பட்டம் உண்மையானதுதான் என்று முதலில் மாநில உயர்கல்வித் துறை சான்றளிக்க வேண்டும், அது கோட்டையில் தலைமைச் செயலகத்தில் நடக்கிற வேலை. அப்புறம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழின் பின்னால் எண் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். அதுதான் அப்போஸ்டில். ஒரு நாட்டின் அப்போஸ்டிலை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்வதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இல் சேர்ந்தது, ஓமனும் அதில் இருக்கிறது, ஆகவே தனியாகத் தூதரக முத்திரை தேவையே இல்லை. அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதற்கு மேல் அமைச்சகம் நியமித்த ஏஜென்சிக்குச் சிறு சேவைக் கட்டணம். ஐம்பது ரூபாய்! நான் கொடுத்தது 46,000.

இணையத்தில் தேடினால் முதலில் வருகிற மாதிரியான ஓர் அட்டெஸ்டேஷன் ஏஜென்சி. மாடியில் ஏசி ஆபீஸ், சுவரில் எல்லா நாட்டுக் கொடியும். நடத்துபவருக்கு நாற்பது வயதிருக்கும், வாய் நிறைய "டீச்சர், டீச்சர்" என்றுதான் பேசுவார். அன்றைக்கு அவருடைய பெண் ஓரத்து மேசையில் திரிகோணமிதிப் பயிற்சியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். ஏற்றக்கோணத்தையும் இறக்கக்கோணத்தையும் குழப்பிக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கலங்கரை விளக்கமும் இரண்டு கப்பலும் வரைந்து சொல்லிக்கொடுத்தேன். அடுத்த கணக்கை அவளே போட்டாள். அவர் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், நீங்க பெட்டி கட்டுற வேலையப் பாருங்க, சர்டிபிகேட் என் பொறுப்பு, பதினஞ்சு நாள்ல உங்க கைல இருக்கும்" என்றார். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரம் மடங்காமல் தடவிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். பெற்ற பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிச் செய்வார் என்று யார் நினைப்பார்கள்? இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முன்பணம் 30,000. மீதி 16,000 "ஓமன் எம்பசி சார்ஜ்" என்று பிறகு வாங்கினார். அப்படி ஒரு சார்ஜே கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது. எல்லாம் ஜிபேயில், அதுவும் அவருடைய சொந்த எண்ணுக்கு. ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

பதினைந்து நாள் முடிந்தது. "டெல்லில சர்வர் டவுன் டீச்சர்." அடுத்த வாரம், "ஃபைல் ஆபீசர் டேபிள்ல இருக்கு." அதற்கடுத்து, "பையன் ட்ரெயின்ல வந்துட்டிருக்கான், நாளைக்குக் காலைல கண்டிப்பா." போனை எடுப்பதையும் குறைத்துக்கொண்டார். நேரில் போனால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பாள், சார் வெளியில் இருக்கிறார் என்பாள், உள் அறையிலிருந்து அவர் குரல் எனக்கே கேட்கும். ஜூன் கடைசியில் ஒருவழியாகச் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பின்னால் எண் போட்ட ஒரு ஸ்டிக்கர், ஊதா நிற வட்ட முத்திரை. முத்திரையில் மை பரவி எழுத்தே சரியாகத் தெரியவில்லை. கேட்டதற்கு "கவர்மென்ட் சீல் அப்படித்தான் டீச்சர் இருக்கும்" என்றார்.

ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். மஸ்கட் பள்ளியில் அந்த ஸ்டிக்கர் எண்ணை இணையத்தில் சரிபார்த்திருக்கிறார்கள், அப்படி ஒரு பதிவே இல்லை. மெயிலில் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், விளக்கம் வரும்வரை நியமனத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று. அந்த மரியாதைதான் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் வினாத்தாளை பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவள் நான், இன்றைக்குப் போலி முத்திரையோடு சான்றிதழ் அனுப்பியவள் என்று ஒரு ஃபைலில் என் பெயர் இருக்கிறது.

ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்தேன். "நாங்க சப் ஏஜென்ட் கிட்ட கொடுத்தோம், அவன் ஏமாத்திட்டான், நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான் மேடம்" என்றார். டீச்சர் போய் மேடம் ஆகிவிட்டது. 46,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் இல்ல, சீட்டு பின்னாடி பாருங்க" என்றார். பின்னால் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் புகார் கொடுக்க வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு முன் ஜிபே ஸ்கிரீன்ஷாட்களைப் பிரின்ட் போட வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்:

வெளியுறவு அமைச்சகம் ஆவணங்களை வாங்கிக்கொள்ள யார் யாரை நியமித்திருக்கிறது என்ற பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அதில் பெயர் இல்லாதவரிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். அமைச்சகத்தின் கிளைச் செயலகம் சென்னையிலேயே இருக்கிறது, டெல்லி டெல்லி என்று யாராவது இழுத்தால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் போகும் நாடு ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எம்பசி சார்ஜ் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915.

ஏற்கெனவே இப்படி ஓர் இடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வந்துவிட்டதென்றால், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் அந்த எண்ணை நீங்களே அமைச்சகத் தளத்தில் போட்டுப் பாருங்கள்.