அலுமினாவா, டைட்டேனியாவா?

சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நின்றாலும் திருமலையில் சுத்திகரிப்பு ஆலை இல்லை. அது இருப்பது சபுகஸ்கந்தையில். அதனால் இங்கிருந்து போகும் பெடியள் எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிரியும் ஐதரசன் சல்பைட்டைக் கந்தகமாக்கும் பெரிய கந்தக மீட்பு ஆலையைப் பெரும்பாலும் வளைகுடாவில்தான் பார்க்கிறார்கள். லீவில் வந்தால் கேள்வி இதுதான்: அங்கே வினையை விரைவாக்கும் ஊக்கியாக அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) போதுமா, டைட்டேனியா (தைத்தேனியம் ஈரொட்சைட்டு) வேண்டுமா?

இந்த ஆலைகளில் நடக்கும் கிளவுஸ் முறை பழசு, 1883 காப்புரிமை. ஐதரசன் சல்பைட்டில் மூன்றிலொரு பங்கை எரித்துக் கந்தகவீரொட்சைட்டாக்கி, மிச்சத்தோடு சேர்த்தால் கந்தகமும் நீராவியும் கிடைக்கும். பாதிக்கு மேல் உலையிலேயே முடிந்துவிடும், மீதிக்குத்தான் ஊக்கி. அந்த வேலைக்கு அலுமினா தாராளம். சவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள், விலை குறைவு, லேசில் நொறுங்காது.

சிக்கல் வேறு இடத்தில். உலையில் காபனைல் சல்பைட்டும் காபன் இருசல்பைட்டும் உண்டாகின்றன. முதல் ரியாக்டரில் நீராவி இவற்றை உடைக்காவிட்டால், பின்னால் வரும் குளிர்ந்த ரியாக்டர்களில் உடையாது, அவற்றிலுள்ள கந்தகம் மீளாமல் போய்விடும். அலுமினாவை வைத்து உடைக்க 330 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடு வேண்டும். ஆனால் கிளவுஸ் வினையே வெப்பத்தை வெளிவிடுவது. ஊக்கி அடுக்கில் சூடு கூடக்கூடக் கந்தகம் குறையும். டைட்டேனியா 300 அளவிலேயே உடைத்துவிடும், அதுதான் அதன் பெரிய பலம்.

இன்னொன்று சல்பேற்று. ஸ்டார்ட்-அப் நேரத்தில் காற்றைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும், ஒட்சிசன் புகுந்து அலுமினாவின் மேற்பரப்பில் சல்பேற்றை உண்டாக்கிக் கெடுத்துவிடும். கந்தக உற்பத்தியில் உடனே பெரிதாகத் தெரியாது, காபன் இருசல்பைட்டை உடைக்கும் திறன்தான் முதலில் போகும். டைட்டேனியா இதை நன்றாகவே தாங்கும். ஆனால் விலை பல மடங்கு. காற்றைக் குறைத்துவிட்டுப் புகைக்கரி படிந்து அடைத்தால் டைட்டேனியாவுக்கும் அதே கதிதான்.

என்னைக் கேட்டால் முதல் ரியாக்டரில் மேல்பாதி அலுமினா, கீழ்ப்பாதி டைட்டேனியா. சூடு கீழேதான் அதிகம், உடைக்கும் வேலையும் அங்கேதான். ஒட்சிசன் கசியும் ஆலையென்றால் மேலே இரும்பு ஏற்றிய அலுமினாவை ஒரு அடுக்குப் போடலாம். இரண்டாவது, மூன்றாவது ரியாக்டர்களுக்குச் சாதா அலுமினா போதும். அங்கும் டைட்டேனியா போடச் சொல்லும் விற்பனைக்காரரிடம், முதல் ரியாக்டருக்குள் போகும் வாயுவிலும் வெளியே வரும் வாயுவிலும் காபனைல் சல்பைட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள்.