ஃபர்லோவில் இருந்தவரின் கடைசிச் சம்பளமும் ஏகாஸ் சேவையும்

பிரித்தானியாவில் வேலை செய்யும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ஏகாஸ் என்னும் தொழில் ஆலோசனை, இணக்கப்படுத்தல் சேவையைப் பற்றி இதை எழுதுகிறேன். 2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் என் அத்தானுக்காக அதன் இணையப் பக்கங்கள், தொலைபேசி உதவி, வழக்குக்கு முந்திய இணக்கப் பேச்சு ஆகிய மூன்றையும் நாங்கள் பயன்படுத்தினோம். நம்மவர்களில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்படாமல் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை அறிவேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தான் மேற்கு இலண்டனில் ஒரு ஹொட்டேல் சமையலறையில் 2015 ஜூன் முதல் வேலை செய்தவர். வாரச் சம்பளம் 400 பவுண். அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனா முடக்கத்துக்காக அறிவித்த ஃபர்லோ திட்டத்தின்படி, வேலையில்லாமல் வீட்டில் இருத்தப்பட்டவர்களின் சம்பளத்தில் 80 வீதத்தை, மாதம் 2,500 பவுணுக்கு மேற்படாமல், அரசு முதலாளிகளுக்குக் கொடுத்தது. சம்பளக் குறைப்புக்கு எழுத்தில் சம்மதித்த அத்தான், வாரம் 320 பவுணில் ஐந்து மாதம் குடும்பத்தை ஓட்டினார். செப்டெம்பர் 7ஆம் திகதி ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. ஐந்து வார முன்னறிவித்தல், ஒக்டோபர் 11 கடைசி நாள். மாத முடிவில் வந்த சம்பளச் சீட்டைப் பார்த்தபோது, முன்னறிவித்தல் காலச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு, எடுக்காமல் மிஞ்சிய 11 நாள் விடுமுறைக்கான பணம் ஆகிய மூன்றையும் 320 பவுணை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள்.

"எண்பது வீதமாவது தந்தவங்கள்தானே, விடு பிள்ளை" என்றார் அத்தான். ஃபர்லோவில் இருந்தவர்களுக்கு வேலை போகும்போதும் அந்த 80 வீதம்தான் என்று அவரோடு வேலை செய்த எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அது தவறு என்பதை முதலில் காட்டியது ஏகாஸின் இணையப் பக்கம். 2020 ஜூலை 31ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகள், சட்டப்படியான முன்னறிவித்தல் சம்பளத்தையும் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் ஃபர்லோவுக்கு முந்திய வழமையான சம்பளத்தின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று கூறின. விடுமுறைச் சம்பளமோ அதற்கு முன்னரே முழுச் சம்பளமாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. ஃபர்லோ காலத்திலும் விடுமுறை நாட்கள் சேர்ந்துகொண்டே போயின. இவை யாவும் சட்டத்தரணியின் மொழியில் இல்லாமல், பாடசாலை ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்து விளங்கிக்கொள்ளும் சிறு வசனங்களில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பக்கங்களை எழுதியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

தொலைபேசி உதவியைப் பற்றிச் சொல்ல இன்னும் அதிகம் உண்டு. அத்தானை அருகில் இருத்திக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, நானே பேசினேன். பேசிய பெண்மணி சம்பளத் தொகையைக் கேட்கவில்லை, "வேலை ஒப்பந்தத்தில் முதலாளி எத்தனை வாரம் முன்னறிவித்தல் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது?" என்பதையே முதலில் கேட்டார். அதன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. சட்டப்படி இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில், கூடியது 12 வாரம் வரை முன்னறிவித்தல் உண்டு. அத்தானுக்கு ஐந்து வாரம். ஆனால் ஒப்பந்தம் சட்டத்தைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ அதிகம் தருமானால், முன்னறிவித்தல் காலத்துக்கு முழுச் சம்பளம் என்ற அந்தச் சட்டப் பாதுகாப்பு பொருந்தாமல் போய்விடும். நல்ல ஒப்பந்தம் வைத்திருப்பவரே நட்டப்படக்கூடிய இந்த விந்தையான விதியை நானாக ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒப்பந்தத்தில் நான்கு வாரம் என்றிருந்தது. தப்பினோம்.

அதன்பின் கணக்கு எளிதாயிற்று. முன்னறிவித்தல் காலத்தில் வாரத்துக்கு 80 பவுண் வீதம் ஐந்து வாரத்துக்கு 400. அத்தானுக்கு அப்போது 38 வயது; அந்த வயதில் ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும் என்பதால் அங்கேயும் 400 குறைந்திருந்தது. விடுமுறையில் நாளுக்கு 16 பவுணாக 11 நாளுக்கு 176. மொத்தம் 976 பவுண்.

நான் முதலாளிக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வராததால், நவம்பர் நடுப்பகுதியில் ஏகாஸின் இணக்கப் பேச்சுக்கு விண்ணப்பித்தோம். தொழில் வழக்குகளை விசாரிக்கும் டிரிபியூனலுக்குப் போவதற்கு முன் இப்படி ஏகாஸுக்கு அறிவிப்பது கட்டாயம். சம்பளக் குறைப்பு வழக்குகளுக்கு அன்று மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலமே இருந்தது, விண்ணப்பித்ததும் அந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விண்ணப்பத்தில் ஒன்றை மட்டும் மிகக் கவனமாக எழுத வேண்டும்: முதலாளியின் பெயர். ஹொட்டேலின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் சம்பளச் சீட்டில் வேறொரு கம்பனியின் பெயரும் இருந்தன. சம்பளச் சீட்டில் உள்ளதையே எழுதினோம். பெயர் பிழைத்தால் பின்னர் டிரிபியூனல் வழக்கையே ஏற்காமல் விடவும் கூடும்.

நான்காம் நாள் இணக்க அலுவலர் ஒருவர் அழைத்தார். அவர் எங்கள் பக்கத்து ஆள் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நாங்கள் சொன்னதை முதலாளியிடம் சொல்வார், அவர்கள் சொன்னதை எங்களிடம் சொல்வார். வழக்குப் போட்டால் வெல்வீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். தனக்காக வாதாட ஒருவர் வேண்டும் என்று எண்ணி இந்தச் சேவைக்குப் போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கமோ சட்டத்தரணியோதான் வேண்டும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டு, ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும் கையில் வைத்திருப்பவருக்கு இது போதும் என்பதே என் கருத்து. பதிலே அனுப்பாதிருந்த முதலாளி, அலுவலர் அழைத்ததும் 700 பவுண் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு, மூன்று வரிக் கணக்கை மீண்டும் அனுப்பினோம். அடுத்த வாரம் 976 பவுணுக்கும் சம்மதித்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அலுவலர் ஊடாகத் தொலைபேசியில் சரி என்று சொன்னாலே உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்தும். அந்த உடன்பாட்டை எழுத்தில் பதியும் சிஓடி 3 என்ற படிவம் அதன் பின்னரே வரும். அதில் வேறு எல்லா உரிமைகளையும் கைவிடுவதாக எழுதியிருக்கவும் கூடும் என்பதால், வாசகத்தை முழுமையாக வாசித்துக் காட்டச் சொன்ன பின்னரே சம்மதம் கூற வேண்டும்.

வேலை மாறியவர்களின் நிலையிலும் ஏகாஸின் பக்கங்கள் நேர்மையாக இருந்தன. 2020 மார்ச்சில் புதிய இடத்துக்குப் போய், மார்ச் 19ஆம் திகதிக்குள் அங்கே சம்பளப் பதிவு வரித்திணைக்களத்துக்கு அனுப்பப்படாதவர்களுக்குப் புதிய முதலாளி ஃபர்லோ பெற முடியவில்லை. பெப்ரவரி இறுதியில் பழைய இடத்தின் பதிவில் இருந்தவர்களைப் பழைய முதலாளி மீண்டும் சேர்த்துக்கொள்ள அன்று இடமிருந்தது. ஆனால் அது அவர் விருப்பம், தொழிலாளியின் உரிமை அன்று. கேட்டுப் பார்க்கலாம், வற்புறுத்த முடியாது என்பதை அந்தப் பக்கங்கள் மழுப்பாமல் சொல்லின.

பணம் டிசெம்பரில் வந்தது. அதில் இழப்பீட்டுக்குரிய 400 பவுணுக்கு வரி இல்லை. மிகுதி 576 பவுணும் சம்பளமாகவே கருதப்படும். வேலையை விடுபவருக்கு முதலாளி கொடுக்கும் வரிப் படிவமான பி 45 கொடுத்த பிறகு வரும் பணம் என்பதால், தனிநபர் வரிவிலக்கைக் கணக்கில் எடுக்காமல் முதற் பவுணிலிருந்தே வரி பிடித்திருந்தார்கள். அந்தச் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும்படி அத்தானிடம் சொன்னேன். ஆண்டு முடிவில் வரித்திணைக்களத்தோடு கணக்குப் பார்க்க அது வேண்டும்.