ஷிட்ஸு வளர்ப்பு: முடி, கண், மூச்சு பற்றி நீண்டகால அனுபவப் பகிர்வு

ஷிட்ஸு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குணத்தில் இதைவிடச் சாதுவான நாய் கிடைப்பது கஷ்டம். பராமரிப்பில் இவ்வளவு வேலை வைக்கும் சிறு நாயும் குறைவு. தினமும் கால் மணி நேரம் சீப்பும் கையுமாக உட்கார முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். முடியாது என்றால் குட்டைமுடி நாயாகப் பார்ப்பது நாய்க்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

இந்த நாய் காவலுக்காகவோ வேட்டைக்காகவோ உருவானதல்ல. திபெத்திலிருந்து சீன அரண்மனைக்குக் காணிக்கையாக வந்த நீள்முடிச் சிறு நாய்களும் அரண்மனையிலேயே இருந்த பீக்கிங்கீஸும் கலந்து வந்த இனம் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. பெயருக்குச் சீனத்தில் சிங்கம் என்று பொருள். இன்றைய சீனர்கள் ஷீ ஷி என்ற பழங்காலப் பேரழகியின் பெயரால் இதைக் கூப்பிடுகிறார்கள். சிங் வம்சத்துப் பேரரசி சிஷி அரண்மனையில் நாய்க்கூடங்கள் வைத்து இவற்றை வளர்த்தார். 1908-இல் அவர் இறந்தபின் அந்தக் கூடங்கள் சிதறின. பிறகு வந்த போர்களிலும் புரட்சியிலும் சீனாவிலேயே இந்த இனம் இல்லாமல் போனது.

மிஞ்சியது வெளிநாடு போன கொஞ்சம் நாய்களால்தான். 1930-இல் பிரவுன்ரிக் சீமாட்டியும் அவர் கணவரும் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு ஜோடியைக் கொண்டுபோனார்கள்: ஆண் ஹிபூ, பெண் ஷூ-ஸ்ஸா. 1932-இல் நார்வேக்கு மூன்று போயின. இங்கிலாந்தில் முதலில் லாசா ஆப்ஸோ என்ற திபெத்து நீள்முடி நாயையும் இதையும் ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். 1933 கண்காட்சியில் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தபோதுதான் மூக்கும் மண்டையும் வேறு என்பது தெளிவானது; மறு ஆண்டே இது தனி இனமாகப் பிரிந்தது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1969-இல் அங்கீகரித்தது. இன்று உலகில் உள்ள ஷிட்ஸுகள் 14 நாய்களின் வழி வந்தவை. அதில் ஒன்று 1952-இல் வேண்டுமென்றே கலந்த பீக்கிங்கீஸ். குட்டி வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடித்தளம் இவ்வளவு குறுகியது என்பதால், நெருங்கிய ரத்த உறவில் இணை சேர்த்த குட்டிகளைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

வளர்ந்த நாய் 27 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. எடை 4.5 முதல் 8 கிலோ. தூக்கினால், இந்த உருவத்துக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும். எலும்பு பருமன், உடல் திடம். மூக்கின் மேல் முடி மேல்நோக்கி முளைத்து நாலாபக்கமும் விரிவதால் முகம் சாமந்திப்பூ மாதிரி இருக்கும். கீழ்த்தாடை சற்று முன்தள்ளி இருப்பது குறையல்ல, இயல்பு. வால் முதுகின்மேல் வளைந்து கொடிபோல நிற்கும். மிகச் சிறிய வகை, 'டீக்கப்', 'இம்பீரியல்' என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். இன வரையறையில் அப்படி ஒரு வகையே கிடையாது. அளவு குறையக் குறைய எலும்பும் பல்லும் பலவீனமாகத்தான் இருக்கும்.

லாசாவை ஷிட்ஸு என்று விற்பதும் நடக்கிறது. லாசாவுக்கு மண்டை குறுகல், மூக்கு சற்று நீளம், கண் சின்னது. குணத்திலும் வித்தியாசம் தெரியும். லாசா அந்நியரைச் சந்தேகப்படும், குரைக்கும். ஷிட்ஸு பால்காரர், கூரியர்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று யார் வந்தாலும் வாலாட்டிக்கொண்டு போய் நிற்கும். திருடன் வந்தாலும் அப்படியே. காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

அதன் வேலை மனிதரோடு இருப்பது மட்டும்தான். சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும், குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். பந்து எறிந்தால் ஒருமுறை எடுத்துவரும், மறுமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதட்டினால் பிடிவாதம் கூடும். கொஞ்சம் கோழித்துண்டு காட்டிச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும். சிறுநீர் கழிக்கும் பழக்கத்தில் மட்டும் மெதுவான இனம் இது. இரண்டு மாதக் குட்டியைத் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், இடையில் இரண்டு மணிக்கொரு தரமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு மாதம் வரைக்கும் மிதியடியில் போவது உண்டு, அதற்காக அடிக்கக் கூடாது. போன இடத்தில் வாசனை தங்கினால் மறுபடி அங்கேயே போகும் என்பதால், நொதி கலந்த துப்புரவு திரவத்தால் துடைத்துவிட வேண்டும். நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியே விட்டால் ஏங்கிப்போகும். இரண்டு பேரும் காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வரும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம்.

இனி முடி. மேல்முடி நீளம், அடியில் மென்முடி. மற்ற நாய்களுக்கு உதிர்கிற முடி தரையில் விழும். இதற்கு உதிர்ந்த முடி மேல்முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வீட்டில் முடி பறக்காது என்று மகிழ்ந்து வாங்குகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். அந்த முடியைச் சீப்பால் நாம்தான் எடுத்தாக வேண்டும்.

காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே பட்டுமாதிரி இருக்கும், உள்ளே தோலோடு ஒட்டினாற்போல் கடலை அளவில் ஒரு உருண்டை தட்டுப்படும். நாலு நாள் விட்டால் அது தட்டையாகப் படர்ந்து கம்பளித் துண்டுபோல ஆகிவிடும். அடியில் காற்றுப் போகாமல் தோல் சிவந்து, ஈரமாகி, நாற்றம் வரும். அக்குள், தொடை இடுக்கு, தாடிக்கு அடி, கால்விரல் இடுக்கு, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) பட்டை உரசும் இடம் ஆகியவற்றையும் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். பலர் ஊசிமாதிரிக் கம்பிகள் உள்ள 'பின்' பிரஷ்ஷால் மேலோடு தடவிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரஷ் போகிற இடத்தில் உலோகச் சீப்பு தடையில்லாமல் தோல்வரை போனால்தான் சிக்கு இல்லை என்று அர்த்தம்.

கருவிகள் மூன்று போதும்: பின் பிரஷ், ஒரு பாதி அகலப்பல்லும் மறுபாதி நெருக்கப்பல்லுமாக உள்ள உலோகச் சீப்பு, காலுக்கு மட்டும் மென்மையான ஸ்லிக்கர் (நெருக்கமான மெல்லிய கம்பிகள் உள்ள பிரஷ்). காய்ந்த முடியை வாரினால் அறுந்துபோகும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் நாய்க் கண்டிஷனர் கலந்து லேசாகத் தெளித்துக்கொள்ள வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிற்றுப் பக்கம் தொடங்கி முடியை வகிடெடுத்து, அடுக்கடுக்காக மேலே வர வேண்டும். சிக்கு வந்த இடத்தில் வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். வேரைப் பிடிக்காமல் இழுத்தால் வலிக்கும். வலி தெரிந்த நாய் அடுத்த நாள் சீப்பைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவிச் சிக்கெடுக்கும் பழக்கம் வேண்டாம். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு வரும், மறுநாள் தூசி ஒட்டி இரண்டு மடங்காகும்.

சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நனைந்து காயும்போது சிக்கு இறுகிவிடும். அதன்பின் கத்தரிதான் வழி. பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு குளியல் போதும். வெதுவெதுப்பான நீர், நாய் ஷாம்பு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். மனிதர் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குறைந்த சூட்டில் பிளோயர் காட்டி வாரிக்கொண்டே அடிமுடிவரை காய வைக்க வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும். சென்னை மாதிரிக் கடலோர ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழையில் விரல் இடுக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது, புளித்த வாடை வருகிறது என்றால் அநேகமாகக் காரணம் இதுதான்.

பத்தாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள் குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும். அந்தச் சில வாரங்கள் காலையில் வாரியது மாலையில் சிக்காகும். பலர் மனம் உடைந்து மொட்டையடிப்பது அப்போதுதான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் முடியின் தன்மை மாறி வேலை பாதியாகிவிடும்.

தரைவரை தொங்கும் முடி கண்காட்சி நாய்க்குரியது. நம் வெயிலில் ஒன்று, ஒன்றரை செ.மீ. நீளத்தில் உடம்பு முழுதும் பப்பி கட் செய்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வெட்டுவதே நாய்க்குச் செய்யும் நியாயம் என்பது எங்கள் திடமான கருத்து. அதற்காக மழுங்கச் சிரைக்கவும் கூடாது. வெயில் நேரடியாகத் தோலில் படும், டிரிம்மர் பட்ட இடம் புண்ணாகும். பாத அடியில் மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியை மாதம் ஒருமுறை வெட்டாவிட்டால் டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். முழங்கால் சில்லு விலகும் தொல்லை உள்ள இனம் என்பதால் வழுக்கல் சின்ன விஷயமல்ல. ஓடும்போது பின்காலில் ஒன்றைத் தூக்கி இரண்டு மூன்று எட்டு நொண்டிவிட்டு மறுபடி சாதாரணமாக நடந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணில் கவனக்குறைவுக்கு மன்னிப்பே கிடையாது. குழி ஆழமில்லை, விழி பெரிது, பலவற்றுக்கு இமை முழுதாக மூடாது. முகமுடி ஒன்று கட்டையாக இருக்க வேண்டும், இல்லை உச்சியில் சேர்த்துக் கட்டும் அளவு நீளமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம்தான் விழியைக் குத்தும். காலையில் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று பீளையை எடுத்து, கீழிருக்கும் முடியை உலர்த்திவிட வேண்டும்.

ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு, நீர் வடிய, பாதத்தால் தேய்க்கிறது, விழியில் நீலம் கலந்த மங்கல் தெரிகிறது என்றால் கருவிழியில் புண் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மீதமிருக்கும் சொட்டுமருந்தைப் போடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாமல் ஆழமாகி விழி ஓட்டையாகிவிடும். கெட்டியாக, மஞ்சள் பச்சையாகப் பீளை வந்துகொண்டே இருந்தால் அது கண்ணீர் வறட்சியாக இருக்கலாம். காகிதப்பட்டை வைத்து ஒரு நிமிடத்தில் பார்க்கும் சோதனை இருக்கிறது, கேட்டுச் செய்யுங்கள். பெரிய நாய் கடித்தாலோ கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தாலோ விழி வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு. வந்தால் உள்ளே தள்ள முயலாமல் உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி உடனே ஓட வேண்டும்.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். மூக்கு சப்பை என்பதால் இதற்கு அந்த மூச்சுவழியே குறுகல். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் மட்டும் நடை, இருபது நிமிடம் போதும். கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ். இளைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியானால் வெப்பத்தாக்கு. முதலில் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். குளிர்வித்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும். ஆசனவாய் வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம், 40-ஐத் தாண்டினால் அபாயம். மூக்கால் விர்விர்ரென்று உள்ளிழுக்கும் தலைகீழ்த் தும்மல் அடிக்கடி வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும்.

ஆறு கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 350 முதல் 400 கலோரி. உலர்தீவனமானால் ஏறக்குறைய நூறு கிராம், இரண்டு வேளையாக. தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் தசை வளராது, முடியும் வளராது. வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோறு, திராட்சை கிடக்கும் பாயசம், சாக்லேட் மூன்றும் விஷம்.

சின்னத் தாடையில் 42 பல். ஆறு, ஏழு மாதத்தில் பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்திருந்தால், கருத்தடை அறுவையின்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். பல் துலக்க மனிதர் பற்பசை வேண்டாம்.

உண்ணி நீளமுடியில் ஒளிந்துகொள்ளும். காதுமடலின் உள்பக்கத்தையும் விரல் இடுக்கையும் நடைக்குப் பின் பாருங்கள். உண்ணிக்கான சொட்டுமருந்தை முடியை வகிர்ந்து தோலில் விட வேண்டும், முடியில் விட்டால் வீண். குளிப்பாட்டி இரண்டு நாள் கழித்தே விட வேண்டும்.

குட்டி வாங்கும்போது தாயைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் எடுக்க வேண்டாம். மூக்குத்துளை திறந்திருக்கிறதா, கோடாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் ஆயுசுக்கும் மூச்சுத் தொல்லைதான். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் உண்டு என்றால் மைக்ரோசிப் எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். பிறவியிலேயே சிறுநீரகம் முழுதாக வளராத நோய் இந்த இனத்தில் உண்டு. குட்டி அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வெளுத்த சிறுநீர் நிறையப் போய், எடை ஏறாமல் இருந்தால் சிறுநீர், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 16 ஆண்டு இருக்கும். எட்டு வயதுக்குப் பின் வருடத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, சோஃபாவிலிருந்து குதிக்காமல் இறங்க ஒரு சாய்வுப்பலகை, முடியை இன்னும் கட்டையாக வெட்டுவது. சீப்பு மட்டும் கடைசிவரை தினமும்.