முழங்கால் மாத்தினவங்களுக்கு ஹட்டன்ல ஒரு நல்ல ஜிம்

முழங்கால் ஒபரேஷன் செஞ்சவங்க ஹட்டன் பக்கம் இருந்தா மெயின் ரோட்டுல கடைகளுக்கு மேல்மாடியில இருக்கிற அந்த சின்ன ஜிம்முக்கு நம்பி போகலாம், ஆனா டொக்டரும் பிசியோவும் சரின்னு சொன்ன பிறகுதான். நான் ரிட்டையர் ஆன டீச்சர், வலது முழங்கால முழுசா மாத்தியிருக்கு, முந்தியும் இங்கதான் போய்க்கிட்டு இருந்தேன், இப்ப திரும்ப சேர்ந்திருக்கேன்.

காலையில நிக்கிற மாஸ்டர் தம்பி முதல்ல கேட்டதே "டீச்சர், டொக்டர் எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு சொன்னாரு?"ன்னுதான். கிளினிக்ல குடுத்த துண்ட முழுசா வாசிச்சிட்டுதான் மெஷின் கிட்டயே விட்டாரு. இதுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

சைக்கிள் மெஷின்ல சீட்ட நல்லா உயர்த்தலாம், அது ரொம்ப முக்கியம், ஏன்னா சீட்டு பதிஞ்சு இருந்தா முழங்கால் இன்னும் கூட மடங்கணும், ஒரு முழு சுத்து வாறதுக்கே 105, 110 பாகை கிட்ட மடங்க வேண்டியிருக்கு, அந்தளவு வராதவங்க முன்னுக்கும் பின்னுக்கும் பாதி சுத்தா ஆட்டினா போதும். தம்பி அவசரப்படுத்தவே இல்ல. உக்காந்து காலால பாரத்த தள்ளுற லெக் பிரெஸ் மெஷின்லயும் ஆகக்குறைஞ்ச வெயிட்தான் போட்டாரு, 90 பாகைக்கு மேல மடக்க விடல்ல. பிறகு ஒவ்வொரு காலா தனியா செய்ய வச்சாரு, அதுதான் எனக்கு பெரிய உதவி. நடக்கும்போது நம்மள அறியாமலே நல்ல கால்தான் பாரத்த தாங்குது, ஒபரேஷன் கால் சும்மா கூட வருது.

ஒபரேஷனுக்கு பிறகு தொடை முன்சதை வத்திப்போயிரும். புது மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும்தானே, அது நம்மள தூக்காது, தொடைதான் தூக்கணும். நம்ம பக்கம் லயத்துக்கு போனாலும் கோயிலுக்கு போனாலும் படியும் சரிவும்தான், அதுலயும் ஏத்தத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். வீட்டுல எல்லாரும் கால ஆட்டாம படுத்துக்கோன்னு பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா படுத்தே கிடந்தா அந்த இறக்கத்துல எப்பிடி இறங்குறது?

அந்திக்கு மட்டும் போகாதீங்க. பையன்க கூட்டம், பாட்டு சத்தம், அந்த நேரம் நிக்கிறவரு என்னைய நல்லா குந்தி எழும்புற ஸ்குவாட் செய்ய சொன்னாரு, நான் முடியாதுன்னுட்டேன். குதிக்கிறது, ஓடுறது, ஆழமா குந்துறது எல்லாம் புது மூட்டுக்கு சரிவராது. அத எல்லா மாஸ்டருக்கும் சொல்லி வைக்கணும்.

வீட்டுக்கு வந்த பிறகு முழங்கால் லேசா வீங்கி சூடா இருக்கும், மாசக்கணக்குல அப்பிடி இருக்கலாம், பயப்பட வேணாம், துணியில சுத்தி ஐஸ் வச்சு கால உயர்த்தி படுங்க. அடுத்த நாளும் வீக்கம் வத்தாட்டி வெயிட்ட குறைங்க. ஆனா கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, காயம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். குளிர் காலையில மூட்டு பிடிச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் மெதுவா நடந்துட்டு தொடங்குங்க.

மாசக்காசு நியாயம். ஒரே குறை அந்த மாடிப்படி, கைப்பிடி பாதியோட முடிஞ்சிருது, மே, ஜூன் மழைக்கு படி முழுக்க ஈரம். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஒபரேஷன் கால் முதல்ல, வழுக்காத சப்பாத்து போடுங்க, துணைக்கு ஒரு ஆள் வந்தா நல்லம். முதலாளி இத பார்த்தீங்கன்னா மழைக்கு முந்தி அந்த கைப்பிடிய மேல வரைக்கும் போட்டுக்குடுங்க, கொழுந்து மலையில ஏறி இறங்கியே முழங்கால் போன அக்காமார் எத்தனையோ பேர் இருக்கிறாங்க, அவங்களும் வரணும்.