"இலவசக் கால் பரிசோதனை"ன்னு போகாதீங்க: 14,800 ரூபாய் போச்சு, அம்மா காலில் புண்ணும் வந்தாச்சு

கோபத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. சர்க்கரைக்காரங்களுக்கு இலவசக் கால் பரிசோதனைன்னு கல்யாண மண்டபத்துல முகாம் போட்டு, அங்கேயே ஷூ விக்கிற கடைங்க இருக்கு. அப்படி ஒண்ணுலதான் எங்கம்மாவோட 14,800 ரூபாய் போச்சு.

அம்மாவுக்குப் பல வருஷமா சர்க்கரை, கால்விரல்களும் மடங்கியிருக்கும். வெள்ளைக் கோட்டு போட்ட பையன் தரையில உட்கார்ந்து, அம்மா காலை மடியில வெச்சுத் துடைச்சுவிட்டு, "உங்க மகன் மாதிரி சொல்றேம்மா"ன்னான். அம்மா அங்கேயே உருகிட்டாங்க. அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டுல ஏறி நிக்கச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பாதத்தோட படம். "நரம்பு நன்று, ரத்த ஓட்டம் நன்று, ஆபத்து குறைவு"ன்னு ஒரு ரிப்போர்ட். அது அப்படியே இருக்கணும்னா ஸ்பெஷல் ஷூ போடணுமாம். சீட்டு எடுத்து வெச்சிருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தாங்க.

ஷூ சுண்டுவிரலை உரசியிருக்கு, அம்மாவுக்கு வலியே தெரியல. சாக்ஸ்ல கறை பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. கொப்புளம் உடைஞ்சு புண்.

சர்க்கரை டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமா தள்ளிட்டார். அந்தத் தட்டு பாதத்துல அழுத்தம் எங்க விழுதுன்னு மட்டும்தான் காட்டுமாம். உணர்ச்சி இருக்கா, ரத்தம் ஓடுதான்னு அதுல தெரியாது. அவர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழையால உள்ளங்காலைத் தொட்டார். கட்டைவிரல்ல தெரியல, முன்பாதத்துல தெரியல. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையோட அதிர்வும் தெரியல. மேல்பாதத்துல, கணுக்கால் உட்பக்கத்துல நாடி பிடிச்சார். விரலிடுக்கை ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தார். சில நிமிஷ வேலை. இதுல ஒண்ணுகூட முகாம்ல செய்யல!

உணர்ச்சி போய் விரலும் மடங்கியிருந்தா 3 முதல் 6 மாசத்துக்கு ஒருதடவை காலைக் காட்டணும். புண் வந்துட்டா, ஆறினாலும் உச்ச ஆபத்துப் பிரிவு: 1 முதல் 3 மாசத்துக்கு ஒருதடவை. 14,800 ரூபாயையும் வாங்கிட்டு அம்மாவை அங்க தள்ளிவிட்டிருக்காங்க.

கடைக்குப் போன் பண்ணா "புது ஷூ அப்படித்தான் சார், பழகிடும்." அடுத்து "டெஸ்ட் பண்ணவர் வெளியூர் முகாம்ல இருக்கார்." நேர்ல போனா "அளவெடுத்துச் செஞ்சது, ரிட்டன் கிடையாது." புண் போட்டோவைக் காட்டினேன், "சுகரைக் கன்ட்ரோல்ல வெச்சுக்கச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. "நரம்பு நன்று"ன்னு எழுதினது யாருன்னு கேட்டா, அது வெறும் வழிகாட்டலாம். டாக்டர் கையெழுத்தே அதுல இல்ல.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், டிரெஸ்ஸிங்குக்குக் கிளம்பணும். நைலான் இழை வைக்காம, நாடி பிடிக்காம "ஆபத்து இல்ல"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. பரிசோதிக்கிறவரே ஷூ வித்தா எழுந்து வந்துடுங்க. புது ஷூவைக் கழட்டினதும் வீட்டுல யாராவது பாதத்தைப் பாருங்க. பில்லைப் பத்திரமா வைங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லியாச்சு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.